ராஜாவுக்குப் பன்னிரண்டு குறைகள்

நாற்பத்தெட்டு வயதில் நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, 'ஓம்' என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மெல்பர்ன் குளிர்காலம் முழுக்க. என் மனைவி அதைத் தியானம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். இனிமேல் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று தன் அக்காவிடம் ஃபோனில் சொன்னதைக் கேட்டேன். நான் தியானம் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'ஓம்' என்பார். அந்தத் தொனியைத் திருடப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் பிறந்து 'ஆமா'வில் வளர்ந்த நாக்கு, கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. என்னுடைய ஓம், கோயில் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பது போல இருந்தது. அவருடையது, யாரோ வாசல் கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்வது போல இருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் புகழ் சேரும். ஏற்கெனவே சேர்ந்தது போதும்.

எல்லோருக்கும் அவர் அண்ணை. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, 'அண்ணா' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த நம் கோயம்புத்தூர்க்காரர்கள்கூட அந்த ஐகாரத்தைக் கற்றுக்கொண்டார்கள். என்னைப் பெரியவர்கள் சார் என்பார்கள், பிள்ளைகள் அங்கிள் என்பார்கள். சார் என்பது மரியாதைதான். ஆனால் ஆளை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிற மரியாதை.

தண்ணீர் விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றில், புகார் சொல்ல ஃபோன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வது அவருடைய வேலை. குழாயில் தண்ணீர் பழுப்பாக வருகிறது, ஊரில் இல்லாத மாதத்துக்கும் பில் வந்திருக்கிறது என்று நாள் முழுக்க ஆஸ்திரேலியர்கள் அவர் காதில் கொட்டுவார்கள். இப்படி எட்டு மணி நேரம் ஏச்சு வாங்குகிற மனிதர் வீட்டுக்குப் போய் யாரையாவது ஏசுவார் என்றுதானே நினைப்போம். இவர் சனி ஞாயிறுகளில் வெளியே கிளம்பி இன்னும் கொஞ்சம் குறை கேட்டுவிட்டு வருவார்.

பிறந்தநாள் விழாவோ, புதுமனை புகுவிழாவோ, யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாற்காலியை, அவர் பாஷையில் கதிரையை, இழுத்துக்கொண்டு போவார். எதிரே போட மாட்டார். பக்கத்தில் போட்டு, இருவரும் ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி உட்காருவார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணாடி போட்டால் முகத்தைப் பாப்பன், தம்பி. முகம் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்."

பிறகு அந்த ஓம். ஒன்று, இரண்டு, இடைவெளி விட்டு இன்னொன்று. அதற்குள் எதிராளி, இல்லை, பக்கத்தாள், தன் மாமியார் முதல் மேனேஜர் வரை கொட்டித் தீர்த்திருப்பார். எல்லாம் முடிந்ததும், கேட்ட அத்தனையையும் ஒரே வாக்கியமாக, உப்பு காரம் இல்லாமல் திருப்பிச் சொல்லி, "இதுதானே?" என்பார். சொன்னவருக்குத் தூக்கிவாரிப் போடும். தன் பிரச்சினை இவ்வளவு சிறியதா என்றில்லை. அது இவ்வளவு தெளிவானதா என்று.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆர் செய்தது, என்ன செய்தது, எப்ப செய்தது. "இந்த மூண்டும் இருந்தால் அது குறை. இல்லாட்டில் கவலை. குறையை எழுதவேணும். கவலைக்குத் தேத்தண்ணி ஊத்தவேணும்." இதில் தத்துவம் எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. தண்ணீர் கம்பெனியில் அப்படித்தான் பிரித்து வைப்பார்களாம்.

ஸ்பிரிங்வேலில் நானும் அவரும் ஒரே மீன் கடைக்குத்தான் போவோம். கடைக்காரர் வியட்நாமியர். அவருக்கு இருபது வார்த்தை ஆங்கிலம், அதில் பாதி மீன்களின் பெயர். நான் அங்கே பல வருட வாடிக்கை. ஒரு சனிக்கிழமை உள்ளே நுழைகிறேன், கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வியட்நாமிய மொழியில், கண் கலங்கி, எதையோ விவரித்துக்கொண்டிருக்கிறார். எதிரே, இல்லை, பக்கத்தில், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நம்மவர். ஓம் என்கிறார். சற்று விட்டு, ஓம். எந்த மொழியில் எதை ஆமோதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் கடைக்காரர் உள்ளே போய், வெளியில் வைக்காத ஒரு வஞ்சிர மீனை எடுத்து வந்து துண்டு போட்டார். எனக்கு அன்றும் வழக்கம் போல வால் பக்கம் கிடைத்தது.

மீனாவது போகட்டும். என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன்.

கிளென் வேவர்லியில் ஒரு பிறந்தநாள் விழா. நான் ஒரு மூலையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எனக்கு நகைச்சுவையாளன் என்று பெயர், எங்கள் தமிழ்ச் சங்க மலரில் வருடா வருடம் கட்டுரை எழுதுகிறவன். திரும்பிப் பார்த்தால் இன்னொரு மூலையில் கதிரை பக்கவாட்டில் போடப்பட்டிருக்கிறது. மடியில் கண்ணாடி. பேசுகிறவள் என் மனைவி. ஒரு வடை ஆறும் நேரம்தான். பிறகு அவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. ஒண்டு சொல்லவேணும். நீங்கள் சபையில சொல்லுற பகிடியள் முக்காவாசி அவ வீட்டில சொன்னதாம். அவவின்ட பேரைச் சொல்லுறேல்லையாம்."

இதை என் மனைவி இருபது வருடமாக, கதவைச் சாத்தியும் சாத்தாமலும், என்னிடம் சொல்லிவந்திருக்கிறாள். அன்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பொறாமை, அவள் வெளியாளிடம் சொன்னதில் இல்லை. அவர் சொன்னதும் புரிந்துவிட்டதே, அதில்தான்.

இனி ராஜா.

எங்கள் சங்கத்தின் தலைமையகம் சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில், ஒரு மசாலா கிடங்குக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் மெல்பர்ன் கிளை. தலைவரை நாங்கள் ராஜா என்போம். அது அவர் பெயரல்ல, பதவிக்காலத்தின் நீளம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பட்டு வேட்டியும் விபூதியுமாக விமானத்திலிருந்து இறங்கினால் பார்க்க லட்சணமாக இருப்பார். ஆனால் மெல்பர்னில் பொங்கல் எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதை அவர்தான் முடிவு செய்வார். சிட்னிக் கொண்டாட்டமெல்லாம் முடிந்து அவருக்கு ஓய்வு கிடைக்கிற ஞாயிறு அது. ஒருமுறை மார்ச்சில் பொங்கினோம். எங்கள் சந்தாவில் வாங்கிய மைக்கும் ஒலிபெருக்கிகளும் செவன் ஹில்ஸில் பூட்டிக் கிடக்கும். சிட்னியில் கல்யாணம் எதுவும் இல்லாவிட்டால் வேனில் எங்களிடம் வரும். பேச்சுப் போட்டிக்கு நடுவர்கள் சிட்னியிலிருந்து வருவார்கள், தங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. எங்கள் பிள்ளைகள் இரண்டாம் பரிசு வாங்கிப் பழகினார்கள். அந்த நடுவர்களையும் பேச்சாளர்களையும் ராஜா எங்கள் வீடுகளில்தான் தங்க வைப்பார். எங்களைக் கேட்டு அல்ல. பொதுக்குழுவை இரண்டு ஊருக்கும் நடுவில் வைப்பதுதான் நியாயம் என்று கோல்பர்னில் கூட்டினார். கோல்பர்னிலிருந்து சிட்னி இரண்டு மணி நேரம். எங்களுக்கு ஏழு.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. அமெரிக்கர்கள் இங்கிலாந்து ராஜாவிடமிருந்து பிரிந்தபோது அவர்மீது ஒரு குறைப்பட்டியல் போட்டார்கள் அல்லவா, அதை நான் அந்தக் காலத்திலேயே வரி வரியாகப் படித்தவன். கூட்டத்தை எட்டாத ஊரில் கூட்டுகிறார் என்ற குறை அதிலும் உண்டு. தன் ஆட்களைக் குடிமக்கள் தலையில் கட்டித் தங்க வைக்கிறார் என்பதும் உண்டு. அவர்கள் சிப்பாய்கள், எங்களுடையவர்கள் பட்டிமன்றப் பேச்சாளர்கள். சாப்பாட்டுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. நாமும் அப்படி ஒரு பிரகடனம் செய்து பிரிவோம் என்று முதலில் சொன்னவன் நான். இதை எங்காவது பதிவு செய்ய வேண்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்தேன். செய்துவிட்டேன்.

அமெரிக்கர்கள் ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். நாங்களும் ஐந்து பேர். நான், அவர், கிளைச் செயலாளர் விமலா, அப்புறம் கடைசியாகப் பேசியவரை ஆமோதிக்கிற இரண்டு பேர். விமலா கோயம்புத்தூர்க்காரர், மருந்துக் கடை நடத்துகிறவர், எதையும் அளந்து கொடுத்துப் பழகியவர். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விமலா வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோருக்கும் அன்று விடுமுறை. மகாராணியின் பிறந்தநாள். அவர் பிறந்தது ஜூனில் இல்லை என்பதை நாட்டில் யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது அது மன்னர் பிறந்தநாள் என்று மாறிவிட்டது. விடுமுறை மாறவில்லை.

நான் என் வரைவை வாசித்தேன். முதல் நான்கு பக்கம் தமிழின் தொன்மை, கடல் கடந்த புகழ், இமயத்தில் கொடி. ஐந்தாம் பக்கத்தில் ராஜா வந்தார். அவர் வரும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

விமலா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நல்லா இருக்குங்க சார். ஆனா நாம எதுக்குப் பிரியறோம்னு இதுல எங்க வருது?"

"உள்ளுறையா இருக்கு" என்றேன்.

"மேலுறையா யாராவது எழுதிட்டா தேவலைங்க." அவர் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்களே எழுதிடுங்களேன்."

ஆமோதிக்கிற இரண்டு பேரும் ஆமோதித்தார்கள்.

அப்படிப் போயிற்று பேனா. சிரித்துக்கொண்டே "அவர்தான் பொருத்தம்" என்று நானும் சொன்னேன். அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் வீட்டில் இறக்கி வைக்க இரண்டு நாள் ஆயிற்று. குளியலறை ஓங்காரம் ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

மூன்று நான்கு மாதம் அவர் வீடு வீடாகப் போனார். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து நேரே கிளம்பிவிடுவார். எல்லோர் வீட்டிலும் கதிரையைப் பக்கவாட்டில் போட்டார். கிடைத்தது மூட்டை மூட்டையாக. அதில் பெரும்பகுதி கவலை என்று தேத்தண்ணியோடு முடிந்துபோக, எழுதுகிற தகுதியோடு மிஞ்சியது பன்னிரண்டு.

என்னிடமும் வந்தார். நானும் ஒரு குறை வைத்திருந்தேன். சங்க மலரில் என் நகைச்சுவைக் கட்டுரையை ராஜா எப்போதும் வீட்டுத் தரகர் விளம்பரங்களுக்குப் பின்னால், கண்ணீர் அஞ்சலிக்கு முன்னால் போடுவார். ஆள், செயல், காலம் மூன்றும் இருக்கிறது என்று வாதாடினேன். கண்ணாடியைக் கழற்றி, ஓம் ஓம் என்று முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்து, என் வீட்டில், என் மனைவியிடம் கேட்டார்:

"பிள்ளை, தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போடுவமோ?"

அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே, கொஞ்சம் எரிச்சலோடு கேட்டேன். "எல்லார் குறையும் எழுதுறீங்க. உங்க குறை எது? பன்னிரண்டுல ஒண்ணுகூட உங்களது இல்லையே."

"என்டது இந்த ராசாவுக்குச் சொல்லுறது இல்லை, தம்பி. அது வேற இடத்துக்கு எழுதினது. எழுத எழுத, வாங்கிற ஆக்கள் மாறினதுதான் மிச்சம்."

அதற்கு மேல் சொல்லவில்லை. அவருடைய தம்பியை, போர்க்காலத்தில் தலைமன்னார் பக்கம் ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் வண்டியிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, என்று பிறகு விமலாதான் சொன்னார். ஆர், என்ன, எப்ப, மூன்றும் உள்ள குறை. அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. இவரிடம் எழுத எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணம். வருத்தம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதாக வந்தது. தரகர் விளம்பரத்தைத் தவிர வாழ்க்கையில் வேறு குறை இல்லாதவனுக்கு அப்படியும் ஒரு பொறாமை வரும் என்பது எனக்கே புதிதாக இருந்தது.

பொங்கல் அந்த வருடம் ஜனவரிக் கடைசியில் விழுந்தது. ராஜாவின் கருணை. கிளென் வேவர்லிப் பக்கம் சாரணர்களின் பழைய மண்டபம். வெளியே அனல், உள்ளே விசிறிகள். மேடைக்கு மேலே மகாராணியின் படம், ஓரம் மஞ்சளித்து, இன்னும் இளமையாக. நாற்காலி அடுக்கும்போது அண்ணை அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த நாடு சண்டை பிடிக்காமலே தனிக்குடித்தனம் போன நாடு, தம்பி. படத்தை மட்டும் கழட்டேல்லை."

இது நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். இரண்டு மாதம் கழித்து வேறொரு கூட்டத்தில் சொல்லவும் சொன்னேன். அவர் பெயரையும் சொல்லவில்லை.

திட்டம் இதுதான். சிறப்பு விருந்தினராக ராஜா மேடையில் இருப்பார். அவர் முகத்துக்கு நேரே, சபையில், பன்னிரண்டு குறைகளையும் அண்ணை வாசிப்பார். உடனே வாக்கெடுப்பு. பெரும்பான்மை கை தூக்கினால் மெல்பர்ன் தனிச் சங்கம். தூக்காவிட்டால் மார்ச்சுப் பொங்கல். முதுகுக்குப் பின்னால் மின்னஞ்சல் அனுப்பலாமே என்று விமலா சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆளை வைச்சுக்கொண்டு சொல்லவேணும்."

ஆனால் தமிழ் விழா என்று ஒன்று வைத்துவிட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ராஜாவை இறக்குவதாகவே இருந்தாலும் முதலில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். தமிழ்த்தாய்க்கு வாழ்த்துப் பாட வேண்டும். வரவேற்புரை நிகழ்த்த வேண்டும். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் புரட்சி. பேனா போன எனக்கு ஆறுதல் பரிசாக வரவேற்புரையைக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டே நிமிஷம்ங்க சார்" என்றார் விமலா. "வந்தவங்களுக்கு வணக்கம், அவ்ளோதான்."

நானும் அப்படித்தான் நினைத்து மேடை ஏறினேன். மைக்கைப் பிடித்ததும் முதல் வரிசையில் அண்ணையைப் பார்த்தேன். மடித்த காகிதம் சட்டைப் பையில். பக்கத்தில் இரண்டு பெண்கள் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. எனக்குப் பிறகு யாரும் பேச முடியாதபடி பேசிவிட வேண்டும் என்று தோன்றியது. வரவேற்புரையில் பேசுவதற்கு நம்மிடம் புகழ்ச்சியைத் தவிர வேறென்ன இருக்கிறது. புகழ்ந்தேன். ராஜாவை, தை பிறக்கும் நாளைத் தாமே குறித்துத் தருபவர் என்றேன். கண்ணுக்குக் கண்ணாக நம் ஒலிபெருக்கிகளைத் தம் அருகிலேயே வைத்துக் காப்பவர் என்றேன். தொலைவு பாராமல் நடு ஊர் கண்டு பொதுக்குழு கூட்டியவர். விருந்தோம்பலை நம் இல்லங்களில் வளர்த்தவர். இத்தனை ஆண்டுகளாய்த் தனி ஒருவராய்ச் சுமப்பவர். இது வஞ்சப்புகழ்ச்சி என்று பிற்பாடு சில நல்லவர்கள் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இல்லை. மனதாரப் புகழ்ந்தேன். இருபது நிமிடம்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்து, தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்திக் கட்டிக்கொண்டார். சபை எழுந்து கைதட்டியது. எந்தச் சபை அவரைக் கீழே இறக்க வந்ததோ, அதே சபை. விமலா என்னைப் பார்த்தார். காலாவதியான மருந்தைக் குப்பையில் போடும்போது அப்படித்தான் பார்ப்பாராக இருக்கும்.

அடுத்தது அண்ணை. மெதுவாக ஏறினார். சட்டைப் பையைத் தொட்டார், காகிதத்தை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சபைக்கு எதிரே நிற்காமல், ராஜாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ராஜா பார்க்கிற திசையையே பார்த்தார்.

"ஐயா வடிவாச் சொன்னவர்" என்று ஆரம்பித்தார். ஐயா என்பது நான். "எனக்கு அப்பிடிச் சொல்ல வராது. ஐயா சொன்னதையே நான் சுருக்கிச் சொல்லுறன். பிழையெண்டால் தலைவர் திருத்தவேணும்."

ராஜா பெருமிதத்தோடு தலையசைத்தார்.

"தை பிறக்கிற நாளைத் தலைவர் குறிச்சுத் தாறவர் எண்டு ஐயா சொன்னவர். ஓம். மூண்டு வருசத்துக்கு முந்தி மார்ச்சில குறிச்சுத் தந்தவர். எங்களைக் கேக்கேல்லை. ஒலிபெருக்கியைப் பக்கத்தில வைச்சுக் காக்கிறவர். ஓம். எங்கட காசில வாங்கினது, செவன் ஹில்ஸில பூட்டிக் கிடக்கு, பூட்டின்ட திறப்பு அவரிட்ட மட்டும். நடு ஊரில கூட்டம் வைச்சவர். ஓம். எங்களுக்கு ஏழு மணித்தியாலம், அவருக்கு ரெண்டு. எங்கட வீடுகளில விருந்தோம்பல் வளர்த்தவர். ஓம். வாற ஆக்களை எங்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அறிவிக்கிறவர்."

பின் வரிசையில் ஒரு பெண் சிரித்தார். பிறகு நடுவில். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓம், ஓர் ஆண்டு, ஒரு செயல். கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. பன்னிரண்டில் ஒன்பது என் வரவேற்புரையிலேயே இருந்தது. மிச்சம் மூன்றை அவர் சேர்த்துக்கொண்டார். கடைசியில் ராஜாவிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆனால் மைக் அருகில்தான், கேட்டார்:

"இதுதானே, தலைவர்? ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லையே?"

ராஜா, பொன்னாடை இல்லாத தன் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, "கூட்டலை" என்றார்.

விமலா உடனே எழுந்து, மெல்பர்ன் தனிச் சங்கம் ஆவதற்கு ஆதரவு தெரிவிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். மண்டபத்தில் முதலில் எழுந்த கை ராஜாவுடையது. இத்தனை வருடம் எந்தத் தீர்மானம் என்றாலும் முதலில் கை தூக்கிக் காட்டுகிறவர் அவர்தான். கை தானாகப் போய்விட்டது. பாதியில் இறக்கினார். அதற்குள் மண்டபம் முழுக்கக் கைகள்.

சர்க்கரைப் பொங்கல் பரிமாறும்போது ராஜாவிடம் போக யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணைதான் ஒரு தட்டோடு போய், ஒரு கதிரையை இழுத்து, பக்கத்தில் போட்டுக்கொண்டார். ராஜாவுக்கும் எங்கள் மீது குறைகள் இருந்தன போல. வெகுநேரம் பேசினார். இவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்தவர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு சாம்பார் வாளிக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியதும் அவர். சங்கத்தைக் காப்பாற்றியதும் அவர். இப்போது ராஜாவையும். ஒரு மனிதன் பொறாமைப்பட ஒரு சின்ன இடைவெளிகூட விடவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

புதுச் சங்கத்துக்கு அவரைத்தான் தலைவராகக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். "நான் கேக்கிற ஆள். அந்தக் கதிரையில இருந்தால் காது கேக்காது." அடுத்ததாகச் சபைக்கு நினைவு வந்தது, அழகாக வரவேற்புரை பேசிய என்னைத்தான்.

என் ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மைக் வாங்கினோம். என் கட்டுரை மலரின் முதல் பக்கத்துக்கு வந்தது. பொங்கல் பொங்கல் அன்றைக்கு நடந்தது, நான் தலைமையுரை ஆற்றினேன். அப்படியே நான்கைந்து வருடம் போயிருக்கும். ஒரு பொங்கலுக்கு மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. விசாரித்தால், ஸ்பிரிங்வேல் பக்கத்தில் இன்னொரு சங்கம், அதே நாள், இன்னொரு பொங்கல். எங்கள் ஆட்கள்தான். செயலாளர் விமலா.

எனக்குக் கோபம் பிரிந்ததில் இல்லை. பிரகடனம் எங்கே? ராஜாவுக்குப் பன்னிரண்டு குறை எழுதியவர்கள் எனக்கு ஒன்றுகூட எழுதவில்லை. பதின்மூன்று இருக்கும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். மகளோடு இருக்க பெர்த்துக்குக் குடிபோகிற நேரம். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். மிச்சமிருந்த இரண்டு கதிரைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார். நான் பேசினேன். என்னை ஒரு ராஜாவாகக்கூட மதிக்காதது பற்றி, என் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லாதது பற்றி, இத்தனை வருடம் அவரைப் பார்த்து நான் பட்ட பாடு பற்றியும், அந்த வேகத்தில், கொஞ்சம். ஓம் என்றார். ஓம். இடைவெளி விட்டு இன்னொன்று.

"உங்களில ஒருத்தருக்கும் கோவமில்லை. அதுதான் உங்களுக்கு நோகுது. இதுதானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

"ஆனால் முகத்துக்கு நேர சொல்லேல்லை எண்டதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன், தம்பி. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு கணம் நேராகப் பார்த்தார். "சரி. வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். பெர்த்தில் இந்நேரம் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாரென்று தெரியாத அந்த ஆள் மீதும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவர் வீட்டிலிருந்து திரும்பிய அன்றே மனைவியிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"பிரியறதுக்கான கூட்டத்தை நம்ம வீட்டு ஹால்லதான போட்டாங்க. ஒளிச்சு மறைச்சு வேண்டாம், ஆள் இருக்கற எடத்துலயே வைப்போம்னு அண்ணைதான் சொன்னாரு. மாடிப்படிக்குக் கீழ நின்னு உங்களை ரெண்டு தடவை கூப்பிட்டாரு. 'தலைமையுரை எழுதிட்டிருக்கேன், சத்தம் போடாதீங்க'ன்னு மேலருந்து சொன்னீங்க. அப்புறம் நான்தான் எல்லாருக்கும் டீ குடுத்தேன். குடுத்த கையோட நானும் சேர்ந்துட்டேன்."